ஏழாவது பெயருக்குப் புள்ளி இல்லை

ஜூலை 12, சனி

விடிகாலை தூறல். பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். மாடியில் போட்ட துணி நனைந்து, பிறகு அதுவே காய்ந்தும் விட்டது.

செய்ய வேண்டியவை:
– கேஸ் புக் பண்ண
– அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை
– ஆறாம் வகுப்பு கணக்கு நோட்டு, ஒரு கட்டு திருத்த
– அப்பாவைப் பற்றி இரண்டு பக்கம்

கடைசி வேலைதான் தள்ளிக்கொண்டே போகிறது. 27ஆம் தேதி சபையில் வாசிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் முதலில் மார்மன் கிறிஸ்தவர் ஆன விவசாயக் குடும்பம் எங்களுடையது. முன்னோடிக் குடும்பங்கள் என்று சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்களாம். முதல் பக்கம் அப்பாவுக்கு. கி.த. (கிளைத் தலைவர் ஜோசப் அண்ணன், சேலத்திலிருந்து வருகிறவர்) போனில் சொன்னது: "சிஸ்டர் சாந்தி, அவர் மாசாமாசம் வெள்ளிமலைப் பக்கம் போய் ஊழியம் செஞ்சதை நல்லா விலாவாரியா எழுதுங்க. அதான் எல்லாருக்கும் எழுப்புதலா இருக்கும்."

அப்பாவைப் பற்றித் தெரிந்தது, வரிசை இல்லாமல்:

ஏழுமலை. நைனார்பாளையம். மூன்றரை ஏக்கர், பாதி கரும்பு. கல்யாணத்துக்கு அப்புறமும் சில வருஷம் கோயம்புத்தூர் மில்லில் வேலை. அங்கே பக்கத்து அறைக்காரர் மூலமாக சபை. பிறகு ஊர், நிலம்.

ஞானஸ்நானம் எங்கள் பம்புசெட்டுத் தொட்டியில். எனக்கு ஒன்பது வயசு. கோயம்புத்தூரிலிருந்து வெள்ளைச் சட்டையில் இரண்டு பேர் வந்தார்கள். உடம்பு முழுக்க முங்க வேண்டும் என்பது சட்டம். முதல் தடவை அப்பாவின் கால் கட்டைவிரல் வெளியே நின்றுவிட்டது. மறுபடி முக்கினார்கள். கிணற்று மேட்டில் நின்று ஊரே சிரித்தது.

சபையில் சேர்ந்த பிறகு சாராயம், பீடி, வெற்றிலை, டீ, காபி ஒன்றும் கிடையாது. ஊரில் பட்டப்பெயர் பச்சத்தண்ணி.

பிளஸ் டூவில் தோழி வீட்டில் ஒரு டம்ளர் டீ குடித்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை மனுஷர்.

ஆலை. எங்களுக்குச் சொந்த வெல்ல ஆலை இருந்தது. ஒருநாள் காலையில் அப்பாவே கடப்பாரையால் அடுப்பை இடித்தார். பாகு காய்ச்சும் கொப்பரையைக் கவிழ்த்து மேலே மண் போட்டார். புகை அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சிரைப்பு. எத்தனை புருஷன்மார் இதைச் செய்வார்கள்? கட்டாயம் எழுத வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

சபை முடிந்து பெட்டியைக் குடைந்தேன். அப்பாவின் பச்சை அட்டை நோட்டு கிடைத்தது. செத்து இரண்டு வருஷம் ஆகிறது, கையெழுத்தைப் பார்த்ததும் அழுகை வந்தது. அம்மா, "தும்மல் வருதுன்னா முந்தானைய மூக்குல வெச்சிக்க" என்றாள். அழுவதைக்கூட ஒழுங்காகச் செய்ய விட மாட்டாள்.

நோட்டில் நாலு தலைமுறைப் பெயர்கள். அப்பா, தாத்தா, பாட்டன், பூட்டன். அடுத்த பக்கம் தலைப்பு: உபவாச ஞாயிறு. கீழே ஏழு பெயர். சடையன், ஆண்டி, பொன்னன், காரி, மூக்கன், ராமன், சின்னப்பையன். முதல் ஆறுக்குப் பக்கத்தில் மையால் ஒரு புள்ளி. ஏழாவதுக்கு இல்லை, பேனா மை தீர்ந்திருக்கும். கீழே, மலைக்குப் போகிற கச்சிராயபாளையம் பஸ் நேரம்.

மாதத்தில் முதல் ஞாயிறு எங்களுக்கு உபவாசம். இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து, மிச்சமாகிற சாப்பாட்டை இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அப்பா அன்றைக்கு செத்துப்போன பங்காளிகளை நினைத்து ஜெபம் பண்ணியிருக்கிறார். என்ன மனசு.

சாயங்காலமே ஏழு பெயரையும் போட்டோ எடுத்து கி.த.வுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் நம் ஆட்கள் சிலர் வெளிநாட்டுக் கோயிலுக்குப் போகிறார்கள். செத்தவர்கள் பெயரைச் சொல்லி அங்கே ஞானஸ்நானம் எடுப்பார்கள். உறவு என்ற இடத்தில் "அப்பாவின் பங்காளிகள், காலமானவர்கள்" என்று எழுதினேன். மகள் செய்ய வேண்டியதைச் செய்த திருப்தி.

ஜூலை 15, செவ்வாய்

ஸ்டாஃப் ரூமில் கலைச்செல்வி டீச்சரிடம் உளறிவிட்டேன்.

"செத்தவங்களுக்கு ஞானஸ்நானமா? எப்படிங்க முக்குவீங்க?"

"அவங்க பேரைச் சொல்லி உயிரோட இருக்கறவங்க முங்குவாங்க."

"அவங்க வேணாம்னா?"

"ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் அவங்க இஷ்டம்."

"அது தேவலை. எங்க வீட்ல உயிரோட இருக்கறவங்களையே யாரும் கேக்கறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள், நானும். டீ வந்தது, குடித்தேன். மூன்று வருஷமாகக் குடிக்கிறேன். இதை இந்த டைரியைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

ஜூலை 17, வியாழன்

கரண்ட் கட். விசிறிக்கொண்டே எழுதுகிறேன்.

இரண்டு பக்கத்தில் ஒன்றரை முடிந்தது. மலை ஊழியம் மட்டும் பாக்கி. அப்பா அங்கே யாரிடம் என்ன சொன்னார், யார் கேட்டார்கள், ஒன்றுமே தெரியாது. சனிக்கிழமை ஸ்கூல் லீவு. நேரில் போய் விசாரிக்கலாம் என்றேன்.

அம்மா உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "மலைக்கு இன்னாத்துக்கு நீ? அங்க ஆரு இருக்கறா உனுக்கு?"

"அப்பா போதிச்சவங்க யாராவது இருப்பாங்கல்ல."

"எல்லாம் போய்ட்டிருப்பாங்க. தெரிஞ்ச வரிக்கும் எழுது. ஆரு வந்து சரிபாக்கப் போறாங்க?"

மூட்டுவலி எரிச்சல் என்று விட்டுவிட்டேன். தம்பி டேவிட் ஓசூரிலிருந்து போன். "போய்ட்டு வாக்கா, போட்டோ எடு, புக்ல போடலாம்."

ஜூலை 19, சனி

இப்போதே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை இருக்காது.

கச்சிராயபாளையம் வழியாக பஸ். வளைவுகளில் இரண்டு பேர் வாந்தி. வெள்ளிமலையில் நல்ல குளிர் காற்று. ஷேர் ஆட்டோக்காரரிடம் நைனார்பாளையம் ஏழுமலை என்று ஆரம்பித்தேன். "மொத ஞாயித்துக்கெழம அரிசி எடுத்துக்கினு வருவாரே, அவரா? குந்துங்க, அந்த வூட்லயே வுட்டுடறேன்." அரிசி! பெருமை தாங்கவில்லை எனக்கு. ஆட்டோவிலேயே குறித்துக்கொண்டேன்.

ஊர்ப் பெயரை இங்கேகூட எழுத மாட்டேன். சிமெண்ட் ஷீட் போட்ட வீடு, பக்கத்தில் மரவள்ளி. கயிற்றுக் கட்டிலில் ஒரு பெரியவர், இரண்டு கண்ணும் வெள்ளை. மருமகள் சொன்னாள்: "மாமா, ஏழுமலை அய்யா பொண்ணு வந்திருக்குது."

எழுந்து கும்பிட்டார், நான் நின்ற பக்கம் இல்லாமல் வேறு பக்கமாக. அப்பா செத்ததைச் சொன்னேன். "அதான் வரல. ரெண்டு வருசமா அதான் வரல" என்றார்.

பேர் கேட்டேன். சின்னப்பையன் என்றார்.

"எங்க பங்காளி ஒருத்தருக்கும் அதே பேருதாங்க. அப்பா நோட்டுல இருக்குது" என்று சிரித்தபடி செல்போனில் இருந்த பக்கத்தைப் படித்தேன். "சடையன், ஆண்டி..."

"பொன்னன், காரி, மூக்கன், ராமன்" என்று அவர் முடித்தார். "அப்புறம் நானு."

"இல்லீங்க, அவங்கல்லாம் எங்க பங்காளிங்க."

"உங்க பங்காளியா? எங்க ஊரு ஆளுங்கம்மா. சடையன் என் கூடப்பொறந்தவன். ஆறு பேரும் போய்ட்டாங்க. நான் ஒருத்தன் கண்ணு போயி கெடக்கறேன்."

உயிரோடு இருக்கிற மனுஷரைச் செத்தவர் என்று எழுதி, என் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

எதனால் போனார்கள் என்று கேட்டேன்.

"சாராயந்தான். ஒருத்தன் போதையில பாறையில உருண்டான். ரெண்டு பேரு வயிறு வீங்கி. மத்தவனுங்க ஒவ்வொருத்தனா. ஒரு தடவ சரக்கு கெட்டுப் போச்சு, குடிச்சேன், கண்ணு போச்சு. காய்ச்சுனதும் நான்தாம்மா, ஆரச் சொல்ல. வெல்லம் உங்கப்பா குடுத்தாரு."

கத்தினேன். கண் தெரியாத மனுஷரிடம், அவர் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு. "பொய் சொல்லாதீங்க. எங்கப்பா டீ கூடக் குடிக்க மாட்டாரு."

"குடிக்க மாட்டாரு, தெரியும். கடுங்காப்பி குடுத்தா வாணாம், வெந்நீ குடுன்னு கேப்பாரு." கொஞ்சமும் கோபம் இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

"சாமியப் பத்தி எதுனா போதிச்சாரா?"

"ஒரு நாளும் இல்ல. வருவாரு. அரிசிய வெப்பாரு. பக்கத்துல குந்துவாரு. என் வெல்லந்தான இப்பிடி பண்ணுச்சுன்னுவாரு. சாப்புட மாட்டாரு. மூணு மணி பஸ்ஸுக்குப் போய்டுவாரு."

ஊழியமும் இல்லை, போதனையும் இல்லை. பஸ்ஸில் இறங்குகிற வரைக்கும் என் காதில் அந்த ஏழு பெயர்தான்.

அம்மா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததிலேயே தெரிந்துவிட்டது, இவளுக்கு எல்லாம் தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. தலைவலி என்று மெசேஜ். மத்தியானம் கி.த.வுக்கு நானே போன் பண்ணினேன்.

"அண்ணா, அந்த ஏழு பேரையும் எடுத்துடுங்க. ஒருத்தர் உயிரோட இருக்காரு."

"உங்க பங்காளி உயிரோட இருக்கறது உங்களுக்கே தெரியாதா சிஸ்டர்?"

"பங்காளி இல்லீங்கண்ணா."

"மத்த ஆறு பேரு?"

"அவங்களும் இல்ல. அவங்க வீட்டாளுங்களைக் கேக்காம நான் அனுப்பியிருக்கக் கூடாது."

"அப்ப யாரு சிஸ்டர் அவங்க?"

27ஆம் தேதி வாசிக்கும்போது சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வாய் சொல்லிவிட்டது. இனி மாற்ற முடியாது.

ஜூலை 22, செவ்வாய்

சாம்பார் தீய்ந்தது. ஸ்கூலில் ஒரு பையனைக் காரணமில்லாமல் திட்டினேன். பிறகு கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன், அவன் பயந்துபோனான்.

சாயங்காலம் அம்மாவை நேராகக் கேட்டேன்.

"வெல்லந்தான வித்தாரு. சாராயமா வித்தாரு?"

"மலைக்காரங்களுக்கு ஏன் வித்தாரு?"

"மழையில நனஞ்சி கறுத்துப் போன வெல்லத்த மண்டியில எவன் வாங்குவான்? அவங்க வாங்குனாங்க. அப்புறம் நல்லதையும் அவங்களே வந்து தூக்கிக்கினு போனாங்க. ஆலையில இருந்து நேரா மலைதான்."

"எதுக்குன்னு தெரியாதா உங்க ரெண்டு பேருக்கும்?"

"தெரியாம இன்னா? அவ்ளோ வெல்லத்துல பொங்கலா வெக்கப் போறாங்க?"

சொல்லிவிட்டுப் போய் டிவியைப் போட்டாள். சத்தத்தை ஜாஸ்தி வைத்தாள்.

ஒரு டம்ளர் டீக்கு மூன்று நாள் என் முகத்தைப் பார்க்காத மனுஷர். ஆலைக் கொப்பரையைச் சுற்றி நின்று நாங்கள் குச்சியில் பாகு சுற்றித் தின்போம், அவரே சுற்றிக் கொடுப்பார். அதே கொப்பரை. எனக்கு அவர் மேல் வருகிற கோபத்துக்கு அளவில்லை. செத்த ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

எழுதின ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்தேன். மூச்சிரைப்பு, அன்பான கணவர் எல்லாம் குப்பையில்.

ஜூலை 24, வியாழன்

டேவிட்டிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு, "அக்கா, உனுக்கு இன்னா பைத்தியமா? நாலு பேரு எதிர்ல அப்பாவ அசிங்கப்படுத்தப் போறியா? அம்மா மூஞ்சி எங்க போவும்?"

"அவரே அவங்ககிட்ட ஒத்துக்கிட்டிருக்காருடா."

"அவங்ககிட்ட ஒத்துக்கிட்டாரு இல்ல, அதோட சரி. சபைக்கு எதுக்கு?"

போனை வைத்துவிட்டான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மலைக்கு சத்தியத்தைக் கொண்டு போனவர் என்று அச்சில் வந்தால், அதை யாராவது அந்தக் கட்டில்காரருக்குப் படித்துக் காட்டினால்? என்னால் முடியாது.

மாற்றி மாற்றி நாலு தடவை எழுதினேன். புதுசாக எழுதினதில் ஒரு வரி எனக்கே ஆறுதல்: "முதல் சாவு தெரிந்ததுமே மனம் நொந்து ஆலையை இடித்தார்."

ஜூலை 26, சனி

காலை. அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன். நாளைக்கு அவள் முகத்துக்கு எதிரே திடீரென்று வேண்டாம், முன்னாடியே கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான்.

அந்த வரி வந்ததும் கையைத் தூக்கினாள். வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதைப் போல.

"அது தப்பு."

"எது?"

"மொத சாவு அன்னிக்கு இடிக்கல. சடையன் போய்ட்டான்னு தெரிஞ்சப்ப, நிறுத்தறேன்னுதான் சொன்னாரு. கடப்பாரைய எடுத்துக்கினு போய்ட்டாரு. நான்தான் புடிங்கி வெச்சேன்."

"ஏன்?"

"நீ அப்பதான் டீச்சர் ட்ரெயினிங் சேந்திருந்த. வெல்லம் இல்லன்னா ஃபீஸு எங்கேர்ந்து வரும்? ரெண்டு வருசம் பொறுங்க, பொண்ணு முடிச்சிரட்டும்னேன். அவரு அழுதாரு. நான் அழுவல. நீ படிக்கணும்னு எனுக்கு அவ்ளோ வெறி."

ஞாபகம் வருகிறது. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுப் பெட்டியோடு ஊருக்கு வந்தேன். மறுநாள் காலை கடப்பாரைச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். எனக்கு விடுமுறை சந்தோஷம். போய் வேடிக்கைகூடப் பார்த்தேன்.

"மிச்ச அஞ்சு பேரும்மா?"

இன்னொரு பூண்டை எடுத்து உடைத்தாள்.

"அவர் கண்ணு?"

"அந்த ரெண்டு வருசத்துலதான்" என்றாள். பூண்டுத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "என் பேரப் போட்டுக்க. அவரு தலையில மட்டும் வெக்காத."

அம்மாவை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் குளிக்கப் போனேன். தண்ணீர் முழுக்கத் தீரும் வரை ஊற்றிக்கொண்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

டயர் கடை மாடிதான் எங்கள் சபை. எப்போதும் வருகிற இருபது பேர், சேலத்துக்காரர்கள் ஏழு. ஃபேன் சத்தம்.

வாசித்தேன். தொட்டி, கட்டைவிரல், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வெல்லம். பிறகு ஆறு பெயர், ஒவ்வொன்றாக. பிறகு கண். போதனை செய்ய அவர் மலைக்குப் போகவில்லை, தான் சாப்பிடாத சாப்பாட்டை அரிசியாக எடுத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார், சாகும் வரை, என்று முடித்தேன்.



கி.த. எழுந்து, தொண்டையைச் செருமி, "புத்தகத்துல எப்படிப் போடறதுன்னு மேல கேட்டுச் சொல்றேன் சிஸ்டர்" என்றார். முகம் வெளுத்திருந்தது. பாவம், அவரும் என்ன செய்வார். சின்னசேலத்திலிருந்து வருகிற அக்கா ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

எல்லோரும் என்னை தைரியசாலி என்றார்கள். நாலு பேர் கையைப் பிடித்துச் சொன்னார்கள்.

தைரியம்! பொறுக்கவே இல்லாத மாதிரி இருந்தது. ஏனென்றால் என் ஃபீஸைப் பற்றிய வரியை நான் வாசிக்கவில்லை. எழுதி வைத்திருந்தேன், மூன்றாவது தாளில், மேலிருந்து இரண்டாவது வரி. அந்த இடம் வந்ததும் கண் தாண்டிப் போய்விட்டது. இல்லை, தானாகப் போகவில்லை. நான்தான் தாண்டினேன். "சில வருடங்களில் ஆலையை இடித்தார்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அம்மா தலை நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அப்பாவை முழுசாகக் காட்டிக்கொடுத்துவிட்டு என்னை மட்டும் ஒளித்துக்கொண்டேன்.

ஜூலை 30, புதன்

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பேனா நின்றுவிட்டது. எத்தனை வருஷமாக இந்தக் கையெழுத்து.

டீ குடிக்கவில்லை. பக்தியால் இல்லை, இறங்கவில்லை.

டேவிட் இன்னும் பேசவில்லை. மாத்திரை வாங்கியாச்சு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முதல் ஞாயிறு, உபவாசம். காலையில் வானம் மூட்டம், மலையில் வெயில். சபைக்குப் போகாமல் அஞ்சு கிலோ அரிசியோடு முதல் பஸ். அம்மாவும் வருகிறேன் என்றாள், மூட்டு விடவில்லை. பையின் வாயை அவள்தான் கட்டிக் கொடுத்தாள்.

சின்னப்பையன் வெயிலுக்காகக் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தார். செருப்புச் சத்தத்தில் கண்டுபிடித்துவிட்டார். "பொண்ணா?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தது ஒன்றும் ஞாபகம் இல்லை. முதலில், அவர் பெயரைச் செத்தவர்களோடு எழுதி அனுப்பியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தே விட்டார். "எங்கூரு ஓட்டு லிஸ்டுலயே ஒரு தடவ சாவடிச்சிட்டானுங்க."

"இன்னொண்ணும் சொல்லணுங்க. அந்த ரெண்டு வருஷம் அப்பா ஆலைய நிறுத்தாம இருந்தது..."

மறுபடி ஆரம்பித்தேன், அதே இடத்தில் நின்றுவிட்டேன்.

"உன் படிப்புக்குத்தான?" என்றார்.

தலையை ஆட்டினேன், அவருக்குத் தெரியாது என்பதை மறந்து.

"தெரியும்மா. எனக்குக் கண்ணு போனப்ப நீ ரெண்டாம் வருசம். அப்பாவே சொல்லிட்டாரு. நீ பாஸ் பண்ணிட்டன்னு இங்க வந்து, இந்தக் கட்டுல்லதான் குந்திக்கினு அழுதாரு. நான்தான் வுடுய்யா வுடுய்யான்னேன்."

மருமகள் வெந்நீர் கொண்டு வந்து வைத்தாள். மூன்று மணி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதா என்று அவர் கேட்டார். இருந்தது. அரிசிப் பை இன்னும் என் மடியிலேயே இருந்தது.